கிளிஃப் என்று முடியும் அடி

வின்னி கார்ட்மெல்லுக்கு ‘டியர்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கண்ணீரின் மேல் அவளுக்கு எந்த விரோதமும் கிடையாது. அந்தச் சொல் ஓர் அடியின் கடைசியில் வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்கு ஜோடியாக ‘இயர்ஸ்’ என்று வருடங்களைத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள் என்பது இருபத்துமூன்று வருடமாகப் பார்த்து அலுத்த விஷயம். ‘ஹார்ட்’ என்று இதயம் வந்தால் ‘அபார்ட்’ என்று பிரிவு வரும். ‘டே’ வந்தால் ‘அவே’ வரும். இந்த மூன்று ஜோடிகளை வைத்துக்கொண்டே ஸ்கெல்வைக் துறைமுகம் தன் செத்தவர்களையெல்லாம் கரையேற்றிக்கொண்டிருந்தது. ஏற்றுகிற கை வின்னியுடையது.

எங்கள் ஊர் மாலைப் பத்திரிகையின் முன்கூடத்தில், விளம்பரம் வாங்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. பழைய சைக்கிள் விற்பனைக்கு, பூனையைக் காணவில்லை போன்றவற்றைப் பக்கத்திலிருந்த பெண் பார்த்துக்கொள்வாள். நினைவஞ்சலி முழுவதும் வின்னி. ஒருவர் இறந்த தேதி வருடா வருடம் வரும்போது, வீட்டார் பத்திரிகையில் நாலடி பாட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. மற்ற ஊர்களில் கல்லறைக்குப் போய்ப் பூ வைப்பார்கள். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஐஸ்லாந்துக் கடலில் கிடக்கிறார்கள், பூவை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தப் பாட்டுகள் வரும் பத்திதான் கல்லறை. கால்பந்து முடிவுகளைக்கூட அதைப் பார்த்த பிறகுதான் பார்ப்பார்கள்.

அதற்கென்று கவுண்டரில் ஒரு பழுப்பு நோட்டு இருந்தது. வின்னிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் நாற்பது பாட்டுகளை எழுதி நம்பர் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் எட்டாம் நம்பர்தான் கண்ணீரும் வருடங்களும். வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் நோட்டைத் திறக்கக்கூட மாட்டார்கள். கோட்டில் மழைத்தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்று, “எட்டு போட்டுடும்மா” என்பார்கள், மீன் வறுவல் கடையில் சொல்வதுபோல.

நோட்டு வேண்டாம் என்று சொந்தமாக எழுதிக்கொண்டு வருபவர்கள் அதைவிட மோசம். ஆங்கிலத்தில் எல்லாம் அடியின் வாலில் வந்து ஒலிக்க வேண்டும், அந்த வாலுக்கு ஏற்ற சொல் கிடைக்காமல் போனால் மனிதர்கள் எந்த அளவுக்கும் இறங்குவார்கள். ‘வைஃப்’ என்று மனைவியில் அடியை முடித்தவர் ‘லைஃப்’ என்று வாழ்க்கையைத் தேடிப் போகலாம். ஆனால் அதை முதல் அடியிலேயே தீர்த்துவிட்டு, கடைசி அடிக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் ‘நைஃப்’ என்று கத்தியைக் கொண்டுவந்தார் ஒருவர். மீன் வெட்டும் கூடத்தில் அந்த அம்மாள் நாற்பது வருடம் வேலை செய்தவள், கத்தி வந்தால் என்ன தப்பு என்று வின்னியோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். கடைசியில் கத்தியோடுதான் அச்சாயிற்று.

தனக்கு இது வேலை இல்லை, வியாதி என்று அவள் சொல்வாள். பன்னிரண்டு வயதில் பள்ளியில் பாட்டெழுதிப் பரிசு வாங்கியவள். அப்போது பிடித்தது. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகள் தானாக ஜோடி சேரும். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதும் ‘டூத்’துக்கு ‘ட்ரூத்’ வந்து நிற்கும். புருஷன் எர்னஸ்ட் பஸ் பணிமனையில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். ஆனால் வேண்டுமென்றே சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைப் பற்றி ஜோடிச் சொல் கட்டி அவள் உயிரை வாங்குவார். அதுவும் சரியாக ஒலிக்காத ஜோடி.

இத்தனைக்கும் மேலே ரிம்மர் விவகாரம்.

கிளிஃப் ரிம்மர் போன கப்பல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மார்ச் பதினைந்தாம் தேதி பதினேழு பேரோடு காணாமல் போயிற்று. அவனுக்கு இருபத்தெட்டு வயது. அம்மா ஒருத்தி, மனைவி மேவிஸ் ஒருத்தி. குழந்தை இல்லை. மூன்று வருடம் கழித்து மேவிஸ், ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பார்ட்டன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சட்டத்துக்கும் சர்ச்சுக்கும் ஆட்சேபம் இல்லாத கல்யாணம், கிளிஃபின் அம்மா ரிம்மரம்மாவுக்கு மட்டும் இருந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

நின்றது வாய்ப்பேச்சுதான். வருடா வருடம் மார்ச் பதினைந்தன்று இருவரும் தனித்தனியாகப் பாட்டுப் போடுவார்கள். மேவிஸ் ஒரு வாரம் முன்னாலேயே வந்து, எட்டு என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அவள் போடும் கையெழுத்தில் பார்ட்டன் இருக்கும், பத்திரிகையில் ‘மேவிஸ்’ மட்டும் வரும். ரிம்மரம்மா அப்படியெல்லாம் விடமாட்டாள். நாலு நாள் வருவாள். வந்தவுடன் முதல் கேள்வி, “அவ வந்தாளா?” வந்தாள் என்றால் என்ன போட்டாள் என்பது அடுத்த கேள்வி. எட்டு என்று சொன்னதும் கிழவி கவுண்டரைத் தட்டி ஊர் கேட்கச் சிரிப்பாள். புருஷனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லை, கடையிலிருந்து வாங்கிக் கொடுக்கிறாள் பார் என்று கரித்துக்கொட்டுவாள்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. தன் பாட்டில் ஓர் அடி கிளிஃப் என்ற பெயரில் முடிய வேண்டும் என்று அடம். ஜான், ரே என்று பெயர் வைத்திருந்தால் வின்னி ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பாள். கிளிஃப் என்பதோடு ஒலிப்பவை ‘ஸ்டிஃப்’, ‘விஃப்’. ஒன்று விறைத்துக் கிடப்பது, இன்னொன்று நாற்றம். மீன்பிடி ஊரில், கடலில் போனவனுக்கு, இந்த இரண்டில் எதைப் போடுவது? பத்து வருடமாக வின்னி இதைக் கிழவிக்கு நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள், நேராகவும் சொல்லிப் பார்த்தாள். “தேடு, கிடைக்கும், அதுக்குத்தானே உன்னை உக்கார வெச்சிருக்காங்க” என்பதுதான் பதில்.

இது அறுபத்தெட்டாம் வருடம், பத்தாவது நினைவு நாள். பதினைந்தாம் தேதி வெள்ளி; அன்றைய பத்திரிகைக்கு வியாழன் பகல் இரண்டு மணிக்குள் எல்லாம் மாடியில் அச்சுக்கோக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். திங்கட்கிழமை ரிம்மரம்மா வந்தாள். கண்ணில் புரை முற்றி இப்போது ஆளே தெரியாது. பக்கத்து வீட்டு ஹெஸ்கத் அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள்.

“அவ வந்தாளா?”

இல்லை என்றாள் வின்னி. கிழவி சிரிக்கவில்லை. செவ்வாயும் வந்தாள், இதே கேள்வி, இதே பதில். புதன்கிழமை வந்தபோது கேள்வியையே மாற்றிவிட்டாள். மேவிஸ் பெயரில் நீயே ஒன்று எழுதிப் போட்டுவிடு என்றாள்.

வின்னி பேனாவைக் கீழே வைத்தாள். கையெழுத்து இல்லாமல் ஒருவர் பெயரில் ஒரு வரிகூடப் போகாது என்பது பத்திரிகையின் விதி, அதற்குக் காரணமும் இருந்தது. உயிரோடு திடகாத்திரமாக இருந்த ஒருவனுக்கு அவன் மச்சான் கோபத்தில் அஞ்சலிப் பாட்டுப் போட்டு, வீட்டுக்கு மாலைகள் வந்து இறங்கிப் பெரிய ரகளையாகிவிட்டது. அதை எடுத்துச் சொன்னாள். கிழவி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“ஏழு வருஷமா அந்தப் பொண்ணை இங்க நின்னு திட்டித் தீர்த்தது யாரு?” என்று கேட்டுவிட்டாள் வின்னி. பொறுமை அவ்வளவுதான் இருந்தது.

“நான்தான். அதுக்கென்ன இப்ப?”

“அவ பாட்டு வந்தாலும் குத்தம், வரலைன்னாலும் குத்தமா?”

ரிம்மரம்மா கவுண்டரின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். “நாளன்னிக்கு என் பேரு மட்டும் தனியா வந்தா ஊர் என்ன சொல்லும்? கட்டினவளே மறந்துட்டாள்னு சொல்லும். பெத்தவ நினைக்கிறது பெரிசில்ல வின்னி, எல்லாப் பெத்தவளும் நினைப்பா. பொண்டாட்டி மறந்துட்டா, அவன் இன்னொரு தரம் செத்தாப்பல. அதைக் கேக்கவா நான் உசுரோட கெடக்கேன்?”

தலையெழுத்து என்று வின்னி அன்று வேலை முடிந்ததும் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருக்கும் வீடுகளுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். இருபத்துமூன்று வருடத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் எவர் வீட்டுக்கும் அவள் போனதில்லை. போகும் வழியெல்லாம் ரிம்மரம்மாவையும், பள்ளிக்கூடத்தில் அந்தப் பரிசைக் கொடுத்தவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனாள்.

மேவிஸ் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் மேஜைக்கடியில் ஏதோ சண்டை. வின்னியைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னாள், தேய்ப்பதை நிறுத்தவில்லை. பார்ட்டன் ஒன்றும் சொல்வதில்லை, அவர் நல்லவர் என்று முதலில் அதைத்தான் சொன்னாள். பிறகு, முடியவில்லை என்றாள். பத்து வருடம் போதும் என்று தோன்றுகிறது, அந்தக் கவுண்டருக்கு வர இந்தத் தடவை கால் வரவில்லை.

வின்னி கிழவி சொன்னதைச் சொன்னாள். மேவிஸ் ஒரு சட்டைக் கையை முழுவதும் தேய்த்து முடித்தாள். அப்புறம் வின்னி கொண்டுவந்திருந்த படிவத்தை வாங்கி, வெற்றுத்தாளாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“உங்களுக்குத்தான் பாட்டு வருமே மிஸஸ் கார்ட்மெல். என்ன வேணா எழுதிக்கோங்க. எனக்குக் காட்டக்கூட வேணாம்.”

இங்கேதான் வின்னி தப்புப் பண்ணினாள். எட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் ஒன்று அவள் கையில் இருந்தது. கத்தியை வை என்று சொல்ல ஆள் இல்லை, நோட்டைக் காட்டு என்று சொல்ல ஆள் இல்லை. திரும்பும் பஸ்ஸிலேயே அது வந்துவிட்டது. பத்து வருடமாக விறைப்பையும் நாற்றத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கண்ணெதிரே கிடந்த ஒரு சின்னச் சொல் தெரியாமல் போயிருந்தது. ‘இஃப்.’ கிளிஃப், இஃப்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தேநீர் ஆறிவிட்டது என்று எர்னஸ்ட் இரண்டு தடவை சொன்னார். முதல் அடி அவன் பெயரில் முடிந்தது. மூன்றாவது அடி ‘இஃப்’ என்பதில், சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றது. அன்று காற்று மாறியிருந்தால் என்றோ, கப்பல் ஒருநாள் முன்னால் திரும்பியிருந்தால் என்றோ இல்லாமல், வெறும் ‘இருந்தால்’ மட்டும். படித்துப் பார்த்தாள். தன் வாழ்நாளில் எழுதியதிலேயே நன்றாக வந்தது இதுதான் என்று தெரிந்தது. அப்படியே சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வியாழன் காலை பதினொரு மணிக்கு ரிம்மரம்மா வந்தாள். வந்துவிட்டது என்று வின்னி கேள்விக்கு முன்னாலேயே சொல்லி, கையெழுத்து இருப்பதையும் சொல்லி, படித்துக் காட்டினாள். கொஞ்சம் நிதானமாக, அந்த ‘இஃப்’பில் சற்று நின்று படித்தாள். பக்கத்துக் கவுண்டர் பெண் பூனை விளம்பரத்தை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நல்லா இருக்கு” என்றாள் கிழவி. “ரொம்ப நல்லா இருக்கு. எழுதினது யாரு?”

“மேவிஸ் கையெழுத்து இருக்குங்கறேனே.”

“கையெழுத்தை நான் கேக்கல. இது உன்னோடது. அவ எட்டைத் தாண்ட மாட்டா.”

“அந்த எட்டை நீங்கதானே ஏழு வருஷமா கேலி பண்ணீங்க?”

“பண்ணேன். நல்லாவோ மோசமாவோ, அது அவளே வந்து போட்டது. இது?” கிழவியின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. “உனக்கு என் மகனைத் தெரியுமா வின்னி?”

தெரியாது. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. படம் பார்த்திருக்கிறாள், பதினேழு பேரின் படமும் பத்திரிகையில் வந்தபோது. அதில் எது கிளிஃப் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வின்னிக்குக் காதெல்லாம் சூடேறியது. கோபமாகத்தான் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள் கிழவி, இப்போதே. ஹெஸ்கத் அம்மாள் மார்க்கெட்டில் இருந்தாள். இரண்டு மணிக்குப் பத்தி மேலே போக வேண்டும். பக்கத்துப் பெண்ணிடம் நோட்டைத் தள்ளிவிட்டு, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கண் தெரியாத கிழவியை ஒரு கையிலும் படிவத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அடிக்கிற காற்றில் வின்னி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் பத்து நிமிஷம் தாமதம். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, எரிச்சலில்.

கதவைத் திறந்த மேவிஸ் அப்படியே நின்றுவிட்டாள். ஏழு வருடமாகத் தெருவில் எதிரே வந்தால் ஓரம் மாறிப் போகிறவர்கள்.

“எதுக்கு வருஷா வருஷம் அந்த எட்டையே போட்டே?” என்றாள் ரிம்மரம்மா. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

வாசலில் சண்டை வரப்போகிறது, மணி பன்னிரண்டேகால் ஆகிறது என்று வின்னி நினைத்தாள். மேவிஸ் சண்டை போடவில்லை.

“சொந்தமா சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றாள் மெதுவாக. “ரெண்டு வருஷம்தான் வாழ்ந்தோம். அதுல முக்காவாசி அவர் கடல்ல. நெனச்சுப் பாக்கறேன், முகம் வருது. வாய் அசையுது. குரல் வரமாட்டேங்குது. போன வருஷம் வரைக்கும் கொஞ்சம் வந்துச்சு. இப்ப சுத்தமா போயிடுச்சு. குரலே ஞாபகம் இல்லாம நான் எப்படி வந்து பாட்டுப் போடுவேன்?”

கிழவியின் கை வின்னியின் கையை இறுக்கியது. வலித்தது.

“எனக்கும் போயிடுச்சு” என்றாள் ரிம்மரம்மா. “ரொம்ப நாளாச்சு. உனக்காவது இருக்கும்னு நெனச்சேன். அவன் பேசினது ஒரு வார்த்தை, ஒரு கிண்டல், எதையாவது பேப்பர்ல எழுதியிருப்பியான்னு வருஷா வருஷம் படிக்கச் சொல்லிக் கேப்பேன். எழுதியிருக்கவே மாட்டே. அதுக்குத்தான்டி திட்டினேன்.”

மேவிஸ் முந்தியைப்போல ஏப்ரனைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பிறகு, காற்று அடிக்கிறது, உள்ளே வாருங்கள் என்றாள். ஒரு மணி வரை இருவரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவன் தேநீரில் எத்தனை கரண்டிச் சர்க்கரை போடுவான் என்பதில் மட்டும் ஒரு தகராறு வந்தது, மூன்று என்றாள் ஒருத்தி, இரண்டு என்றாள் இன்னொருத்தி. வின்னி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைத் திறந்து கேட்டேவிட்டாள், பாட்டு என்ன போடுவது?

பாட்டு வேண்டாம் என்றாள் கிழவி. அவன் பெயர், தேதி, அம்மா, மேவிஸ். மேவிஸும் தலையாட்டினாள். பாட்டில்லாமல் அந்தப் பத்தியில் எதுவுமே வந்ததில்லை, பொதி வந்த ரசீதுபோல இருக்கும் என்று வின்னி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது படிவம் மேலே போனது. போன வேகத்தில் அச்சுக்கோக்கும் பெர்ட் மாடிப்படியில் நின்று கத்தினான், ரிம்மருக்குப் பாட்டைக் காணோம், இடம் நிறைய இருக்கிறது, ஒரு எட்டையாவது சேர்க்கட்டுமா என்று.

“அதுல கை வெச்சே, தெரியும் சேதி” என்றாள் வின்னி.

தான் எழுதியதை அன்று வீட்டில் அடுப்பில் போட்டாள். அது நன்றாகத்தான் எரிந்தது. என்ன அது என்று எர்னஸ்ட் கேட்டதற்கு, ஒருத்தரைப் பற்றியும் இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் முப்பத்தொரு பாட்டுகளுக்கு நடுவே அந்த மூன்று வரி ஒன்றோடொன்று ஒலிக்காமல் கிடந்தது. சனிக்கிழமை காலை கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாக ஹெஸ்கத் அம்மாள் வந்து நின்றாள். விளம்பரம் கொடுக்க இல்லை, நியாயம் கேட்க. பத்து வருடமாக ரிம்மரம்மாவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது தான்தான், ஊருக்கே தெரியும். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்திரிகையோடு போனால், அந்த மேவிஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள், நான் படித்துவிட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை உள்ளே வா என்று சொல்லவில்லை. இவ்வளவு செய்ததற்கு இதுதானா மரியாதை?

“அப்புறம் ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தேன், எட்டரைக்குத்தான் பஸ்ஸுக்குக் கெளம்பினா” என்றாள் ஹெஸ்கத் அம்மாள். “நீயே சொல்லு வின்னி. மூணு வரி படிக்க ரெண்டரை மணி நேரமா?”